கையைத் தலையில் வைக்கச் சொன்ன காலை

பட்டாளத்தில் நான் இருந்தது யுத்த காலம் மட்டும்தான். பொலிஸ் சேவையில் இருந்தது அதைவிடப் பல மடங்கு காலம். இருந்தும், பின்னாலிருந்து யாராவது உரத்த குரலில் கூப்பிட்டால் இன்றைக்கும் என் குதிகால் இரண்டும் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. பட்டாளம் ஒருவனுக்குள் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கிவிடும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம். அது நல்லதா கெட்டதா என்று கேட்டால் மட்டும் ஒரே பதில் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

நான் படுவான்கரையில் பிறந்தவன். வாவிக்கு மேற்கே, சூரியன் விழும் பக்கத்தை அப்படிச் சொல்வோம். எங்கள் குடும்பம் போடிமாரை நம்பிப் பிழைத்த குடும்பம். போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய வயற்காரர். ஒரு வட்டை, அதாவது ஒரு வயல்வெளி, முழுவதும் அவர் சொன்ன நாளில் விதைத்து அவர் சொன்ன நாளில் வெட்டுவார்கள். என் தகப்பனார் அவர்கள் வீட்டுக்குப் போனால் முற்றத்தோடு நின்றுவிடுவார். தண்ணீர் கேட்டால் சிரட்டையில் வரும். அவர் அதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குத்தான் அது தொண்டையில் நின்றது. யுத்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தோணி ஏறிப் பட்டினத்துக்கு, புளியந்தீவுக்குப் போய் வரிசையில் நின்றேன். வெள்ளைக்கார ராசாவுக்காகப் போனேன் என்று சொன்னால் பொய். சிரட்டையில் குடிக்கத் தேவையில்லாத ஓர் இடம் எங்கேயாவது இருக்கும் என்று போனேன்.

அப்படி ஓர் இடம் இருக்கத்தான் செய்தது. முகாமில் எல்லோருக்கும் ஒரே மாதிரி எனாமல் கோப்பை. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் ஒரு போடியாரின் மருமகன். அதற்கு அடுத்த கட்டில் காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன். நாங்கள் மூவரும் ஒரே வாளியைச் சுற்றிக் குந்தியிருந்து உருளைக்கிழங்கு உரித்தோம். கோப்ரல் எங்களை ஏசும்போது மூவரையும் ஒரே கெட்ட வார்த்தையால் ஏசுவார். போடியாரின் மருமகனுக்கு முகம் சிவந்துவிடும். எனக்கோ அந்த ஏச்சு இனித்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் யாருடைய மகன் என்று பாராமல் ஒருவர் என்னை ஏசுகிறார்.

திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட காலையில் நாங்கள் அங்கே காவலில் இருந்தோம். நான் பதுங்கியிருந்த குழியின் பக்கம் சரிந்து, மண் என்னைக் கழுத்து வரை மூடிவிட்டது. மூச்சு இழுத்தால் நெஞ்சு விரிய இடமில்லை. எங்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய இளம் அதிகாரி, புளியந்தீவில் பிறந்து கொழும்பில் படித்த தமிழர், மண்வெட்டி கொண்டுவரப் போன ஆளுக்காகக் காத்திராமல் முழந்தாளிட்டு வெறுங்கையாலேயே தோண்டினார். வானத்தில் விமானங்கள் இன்னும் போகவில்லை. என்னை இழுத்து எடுத்தபோது அவருடைய விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. பிறகு அதைப்பற்றி அவர் ஒரு சொல் பேசவில்லை. மறுநாள் என் சட்டைப் பொத்தான் பூட்டவில்லை என்று தண்டனை கொடுத்தார். பட்டாளத்தின் நல்லது எது என்று யாராவது கேட்டால் எனக்கு நினைவு வருவது இந்த இரண்டு நாட்களும்தான்.

யுத்தம் முடிந்து ஆட்களைக் கலைத்தார்கள். எனக்கு ஊருக்குப் போய் மறுபடி முற்றத்தில் நிற்க மனமில்லை. பொலிசுக்கு ஆள் எடுத்தார்கள்; பட்டாளத்தில் இருந்தவன் என்றதும் அதிகம் கேள்வி கேட்கவில்லை. ஆரையம்பதிக்குத் தெற்கே, வாவியைப் பார்த்தபடி இருந்த ஒரு சின்னப் பொலிஸ் நிலையத்துக்குக் கான்ஸ்டபிளாக வந்து சேர்ந்தேன்.

அங்கே எல்லாம் சார்ஜன்தான். பறங்கிக்காரர், வெள்ளைக்காரர் வழிவந்த உள்ளூர்க்காரர்; பட்டினத்தில் அவருடைய ஆட்கள் தச்சு வேலை செய்பவர்கள். வயிறு பெருத்த மனிதர். தொப்பியைத் தலையில் வைத்ததைவிடக் கக்கத்தில் வைத்திருந்ததுதான் அதிகம். எல்லைச் சண்டையோ மாட்டுச் சண்டையோ வந்தால் இரண்டு பக்கத்தையும் வாங்குப் பலகையில் இருத்தி, தேத்தண்ணீர் வரவழைத்து, அவர்கள் களைக்கும்வரை பேச விடுவார். பெரும்பாலும் வழக்கு எழுதாமலே முடிந்துவிடும். ஊருக்கு அவர் மேல் பயம் இல்லை, பிரியம் இருந்தது. ஆனால் நான் இன்னொன்றையும் பார்த்தேன். போடிமார் வீட்டுத் தோணி துறைக்கு வந்தால் தேனோ கோழியோ நிலையத்தின் பின்பக்கத்தால் உள்ளே போகும். போடியாரின் மாடு ஏழையின் பயிரைத் தின்ற வழக்கும் வாங்கிலேயே முடியும். ஏழையின் மாடு போடியாரின் பயிரைத் தின்றால் வாங்கு போதாது. இதைச் சார்ஜன் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்ல மாட்டேன். உலகம் அப்படித்தான் என்று நினைத்திருந்தார்.

புதிய இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார்கள். வந்து இறங்கியவரைப் பார்த்ததும் என் குதிகால்கள் ஒட்டிக்கொண்டன. நகம் பிய்யத் தோண்டிய அதே அதிகாரி. சல்யூட்டை வாங்கிக்கொண்டு, என் பொத்தான்களை ஒருமுறை பார்த்தார். எல்லாம் பூட்டியிருந்தன. வாயின் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அவ்வளவுதான்.

ஒரு மாதத்துக்குள் நிலையம் முகாமாக மாறியது. காலையில் அணிவகுப்பு. முற்றத்தைச் சுற்றிக் கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசினோம். பின்பக்கக் கதவுக்குப் பூட்டு வந்தது. தேன் வரத்து நின்றது. நான் சந்தோசமாக இருந்தேன், மறைக்க என்ன இருக்கிறது. சப்பாத்தின் சத்தம் ஒன்றாக விழும்போது எனக்குள் ஏதோ நேராகும். சார்ஜன் மட்டும் வரிசையின் ஓரத்தில் வயிற்றை உள்ளே இழுக்க முயன்று தோற்றபடி நிற்பார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

அந்த வருடங்களில் அரிசி கூப்பனுக்குத்தான். விளைந்த நெல்லில் வீட்டுத் தேவைக்கும் விதைக்கும் போக மிச்சத்தை அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் கள்ள விலை நல்ல விலை, ஒளிப்பவர்கள் ஒளித்தார்கள். படுவான்கரையில், மண்டூருக்குப் போகும் வழியில் ஒரு சின்ன ஊரில் நிறைய நெல் ஒளித்திருப்பதாக மேலிடத்துக்குத் தகவல் போனது. என் ஊருக்கு அடுத்த ஊர் அது. தேடச் சொல்லிக் கட்டளை வந்தது.

இன்ஸ்பெக்டர் எங்களை முற்றத்தில் கூட்டினார். பிரம்பால் மணலில் ஊரை வரைந்தார்: வாவி, துறை, கோயில், வயலுக்குப் போகும் வரம்புகள். முகாமில் எங்களுக்குக் காட்டியது மாதிரியே. விடியும்போது மூன்று பக்கத்தாலும் சூழ வேண்டும், நாலாவது பக்கம் தண்ணீர், எதிரி தப்ப வழியில்லை என்றார்.

"எதிரி ஆரு சேர்?" என்று சார்ஜன் கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. இன்ஸ்பெக்டர் அதைத் துடுக்கு என்று எடுத்துக்கொண்டு, மணலில் அடுத்த கோட்டை இழுத்தார். எனக்கும் அந்தக் கேள்வி அப்போது பெரிதாகப் படவில்லை. வரைபடம் அவ்வளவு அழகாக இருந்தது.

பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த துவக்குகளை எடுத்துக் குழல் துடைத்து ஆளுக்கொன்று தந்தார்கள். விடியற்காலைப் பனியில் தோணிகளில் கடந்தோம். அறுவடை முடிகிற காலம், ஊர் எழும்பிக்கொண்டிருந்தது. சிலர் வெட்டிய நெல்லைச் சூடு மிதிக்கக் களத்துக்கு மாடு சாய்த்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண் முற்றத்தில் சாணித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். துவக்கோடு வந்த என்னைக் கண்டு அந்தச் சட்டியோடேயே அசையாமல் நின்றுவிட்டாள். எல்லாம் திட்டமிட்டபடி நடந்தது. ஒருவரும் ஓடவில்லை. ஓடவேண்டும் என்று யாரும் நினைக்கவே இல்லை.

ஆண்கள் எல்லோரையும் கொண்டுவந்து களத்தில் வரிசையாக இருத்தினோம். கைகளைக் கோத்துத் தலையில் வைக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் உத்தரவிட்டார். தேடும்போது யாரும் எதையும் எடுக்காமல் இருக்க அதுதான் முறை. எங்களுக்கும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். வெட்டு வேலைக்கு வந்த கூலிகள், கோயிலில் பூசை செய்யும் கப்புகனார், வயது போனவர்கள், எல்லோரும் வைக்கோல் தூசியில் கையைத் தலையில் வைத்தபடி குந்தியிருந்தார்கள். அவர்களுக்குள் என் தகப்பனாரின் கூட்டாளிகள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு, நான் வெட்கப்படக்கூடாது என்பதற்காகவோ என்னவோ, வேறு பக்கம் பார்த்தார்கள்.

இரண்டாவது வரிசையில் ஒருவர் எழும்பினார். காக்கிக் காற்சட்டை, மேலே வெற்றுடம்பு. நாற்பதை நெருங்கிய ஆள். இருக்கச் சொல்லிப் பக்கத்துக் கான்ஸ்டபிள் அதட்டினார். அவர் இருக்கவில்லை. குதிகாலை ஒட்டி, கைகளை இறக்கித் தொடையோடு வைத்து, நேராக நின்றார். பட்டாளத்தில் நின்றவன்தான் அப்படி நிற்பான்.

தன் பட்டாள இலக்கத்தை இங்கிலீசில் சொன்னார். கடல் கடந்து எகிப்துப் பக்கம் போன தொழிலாளர் படையில் இருந்தவர். பிறகு தமிழில் சொன்னார்:

"இத்தாலிக்காரனுகளைப் பிடிச்சுக் கொண்டந்தா மணலில இப்பிடித்தான் சேர் இருத்தி வெச்ச நாங்க. கையைத் தலையில வெச்சு. நான் தோத்த ஆள் இல்ல சேர்."

களத்தில் மாடுகள் வைக்கோலை இழுத்துக்கொண்டிருந்தன. இன்ஸ்பெக்டரின் முகம் இறுகியது. இத்தனை பேர் பார்த்திருக்க ஓர் உத்தரவு நிறைவேறாமல் நிற்கக்கூடாது என்றுதான் அவருக்கும் எனக்கும் படிப்பித்திருந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "அவரைப் பிடிச்சு இருத்து" என்றார்.

நான் நடந்து போய் அந்த மனிதருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை; நேரே பார்த்தபடி நின்றார். கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. தோளில் கை வைத்து அழுத்தினால் போதும். திருகோணமலையில் என்னைத் தோண்டி எடுத்த கை சொல்லுகிறது, செய். இருந்தும் கை எழும்பவில்லை. நானும் அவரைப் போலவே குதிகாலை ஒட்டி நின்று சொன்னேன்:

"மன்னிக்கோணும் சேர். இந்த ஓடரை என்னால செய்ய ஏலா."

கடைசியில் சார்ஜன்தான் கக்கத்துத் தொப்பியோடு நடந்து வந்தார்.

"வெயில் ஏறுது சேர்," என்றார், ஏதோ வீட்டு விசயம் பேசுவது போல. "ஆக்கள் அந்த மரத்தடியில இரிக்கட்டும். ஒருத்தரும் ஓட மாட்டாங்க. இது அவங்கட ஊர்தானே, எங்க ஓடுற?"

இன்ஸ்பெக்டர் பிரம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு தலையசைத்தார். ஆட்கள் கைகளை இறக்கிக்கொண்டு மெதுவாக எழும்பி நிழலுக்குப் போனார்கள். பட்டாளத்துக்காரர் மட்டும் கடைசியாகப் போனார், நடந்து அல்ல, அணிவகுப்பில் போவது போல அடி வைத்து.

இத்தோடு முடிந்திருந்தால் கதை இலகுவாக இருக்கும். பட்டாளம் கெட்டது, பழைய சார்ஜன் நல்லவர் என்று எழுதிவிட்டு எழும்பிப் போகலாம். ஆனால் அன்று இன்னொன்றும் நடந்தது. குடிசைகளில் தேடியதில் விதை நெல்லைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. அடுத்து, ஊரின் நடுவே இருந்த போடியாரின் கல் வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் நடந்தார். சார்ஜன் பக்கத்தில் போய், அந்த வீட்டுக்கு வேறொரு நாளைக்கு மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டுப் போகலாமே என்றார். இன்ஸ்பெக்டர் நிற்கவேயில்லை. குடிசைக்கு ஒரு சட்டம், கல் வீட்டுக்கு ஒரு சட்டம் தனக்குப் படிப்பிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே படி ஏறினார். மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பி நின்று பார்த்தார்கள். ஒரு போடியாரின் வீட்டுக்குள் பொலிஸ் நுழைவதை அவர்களில் ஒருவரும் அதற்கு முன் கண்டதில்லை.

என்னையும் உள்ளே வரச் சொன்னார். சற்று முன் சொல்லை மீறியவனை ஏன் அழைத்தார் என்று தெரியாது. போடியார் நடு வாசலில் நின்றார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் தகப்பனார் அந்த வீட்டுக்கும் வேலைக்குப் போனவர்.

"சப்பாத்தோட உள்ள வாறாய் என்ன," என்றார்.

நான் உள்ளே போனேன். என் தகப்பனார் ஒருநாளும் தாண்டாத படி. அந்த நேரத்தில் எனக்குள் எழும்பிய சந்தோசத்தைச் சட்டம் என்று சொல்ல முடியாது. கடமை என்றும் சொல்ல முடியாது. பின் அறையில், பனையோலைப் பாயால் மறைத்த ஒரு சுவருக்கு அப்பால் மூட்டை மூட்டையாக நெல் இருந்தது. ஊர் முழுவதையும் தேடிக் கிடைக்காத நெல். அதை வெளியே இழுக்கும்போது போடியாரின் மனைவி அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். சேலைத் தலைப்பு வாயில். காலையில் சாணித் தண்ணீர்ச் சட்டியோடு நின்ற பெண்ணின் கண்ணில் இருந்ததுதான் இவருடைய கண்ணிலும் இருந்தது. என் துவக்கைத்தான் இருவரும் பார்த்தார்கள். என் சந்தோசம் அதோடு வடிந்துவிட்டது.

போடியார் மேல் வழக்கு எழுதப்பட்டது. எத்தனையோ பேர் தூது வந்தார்கள்; இன்ஸ்பெக்டர் அசையவில்லை. நீதிமன்றத்தில் தண்டம் போட்டார்கள். அன்று படுவான்கரையிலிருந்து வந்த கூட்டத்தைப் பார்த்தவர்கள் ஏதோ திருவிழா என்று நினைத்திருப்பார்கள். அதே சனம்தான் எங்கள் தோணி துறைக்குப் போனால் பேச்சை நிறுத்திவிட்டு எழும்பிப் போகவும் தொடங்கியது. முன்பெல்லாம் மீன் சுட்டுக் கொண்டிருந்தால், வாங்க இருந்து சாப்பிடுங்க என்பார்கள்.

என்னை இன்ஸ்பெக்டர் அடுத்த நாளே கூப்பிட்டார். உத்தரவை மீறியதற்குத் தண்டனை தந்தே ஆகவேண்டும் என்றார். வாசற்காவல் கூடுதலாகத் தந்தார். நான் ஏற்றுக்கொண்டேன். அதில் எனக்கு மனக்குறை இல்லை. அவருடைய இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். திரும்பப் போனபோது, நில் என்றார். களத்தில் எழும்பி நின்ற அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார்.

சில நாள் கழித்து என்னோடு மட்டும் தோணியில் போனார். வேட்டியும் சட்டையும். துவக்கு இல்லை, பிரம்பும் இல்லை. பட்டாளத்துக்காரர் தன் களத்தில் பதர் தூற்றிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு சுளகை வைத்துவிட்டு வைக்கோலில் இருக்கச் சொன்னார். பிறகு இன்ஸ்பெக்டர், ஓர் ஊரைச் சோதிப்பதென்றால் தனக்குப் படிப்பித்த முறை அதுதான் என்றார். மன்னிப்புக் கேட்கிற குரல் அல்ல, விளக்கம் சொல்லுகிற குரல்.

"அது மத்தவன்ட ஊரப் பிடிக்கப் போறவனுக்குப் படிப்பிச்சது சேர்," என்றார் மற்றவர். "நெல்லுத் தேடினது சரி. போடியார்ர நெல்லையும் எடுத்தீங்க, அது இந்த ஊரில ஒருத்தனும் செய்யாத வேலை. ஆனா கையைத் தலையில வைக்கச் சொன்னது என்ன சட்டம்?"

இன்ஸ்பெக்டர் ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து நீளவாக்கில் கிழித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சட்டம் இல்லை என்று கடைசியில் சொன்னார். அதற்குப் பிறகு எகிப்தைப் பற்றிக் கேட்டார். ஈக்களைப் பற்றியும், தகர இறைச்சியைப் பற்றியும், மணற்காற்றில் கஞ்சி குடித்ததைப் பற்றியும் மற்றவர் சொன்னார். எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்தது. பட்டாளத்தில் இருந்தவர்கள் கூடினால் அந்தச் சிரிப்பு வந்துவிடும். அதை வேறு யாரோடும் சிரிக்க முடியாது. தோணிக்கு வந்தபோது அந்த மனிதர் சல்யூட் அடிக்கவில்லை. கையை நீட்டினார். இன்ஸ்பெக்டர் ஒரு கணம் அதைப் பார்த்துவிட்டுப் பிடித்துக் குலுக்கினார்.

பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. அணிவகுப்பு நடந்தது, கல்லுக்குச் சுண்ணாம்பு பூசினோம், மணலில் வரைபடம் போட்டோம். ஆனால் அவர் இருந்த காலத்தில் அதற்குப் பிறகு யாருடைய கையும் தலைக்குப் போகவில்லை. துவக்குகள் பெட்டிக்குள் போயின. எதிரி என்ற சொல்லை அவர் வாயில் நான் மறுபடி கேட்கவில்லை. அவருக்குப் பிறகு வந்த சிலர் அந்தச் சொல்லைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நிமிர்வு இல்லாமல், நேர்மையும் இல்லாமல், துவக்கை மட்டும் பட்டாளத்திலிருந்து எடுத்துக்கொண்டவர்களையும் பிற்காலத்தில் பார்த்தேன். நான் சார்ஜன் ஆனபோது புதிதாக வந்தவர்களுக்கு நடை பழக்கும் வேலை எனக்குத்தான் வந்தது. நன்றாகவே பழக்கினேன். நேராக நிற்கத் தெரிந்தவனுக்குத் தன் மேல் ஒரு மரியாதை வரும் என்பது என் அனுபவம். ஆனால் அவர்களை வரிசையில் பார்க்கும்போது ஒரு பயமும் கூடவே வரும்: ஒன்றாக அடி வைக்கப் பழகியவர்கள், சொன்னதும் ஒன்றாகத் தவறும் செய்வார்கள். இரண்டும் ஒரே பயிற்சியில்தான் வருகின்றன. எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

நெல் தேடிய அந்த வருடக் கடைசியில் பழைய சார்ஜன் ஓய்வு பெற்றார். பிரியாவிடைக்குப் பட்டினத்திலிருந்து அவருடைய ஆட்கள் வயலினும் மேளமும் கொண்டு வந்தார்கள். மாலையில் நிலைய முற்றத்தில், சுண்ணாம்புக் கல்லுகளுக்கு நடுவே, அவர்கள் வீட்டுப் பெண்டுகளும் பிள்ளைகளும் ஆடினார்கள். கான்ஸ்டபிள்மாரும் ஆடினார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் கைகளைப் பின்னால் கட்டி, கம்பம் மாதிரி ஓரத்தில் நின்றார். சார்ஜன் வியர்த்து ஒழுக அவருக்கு முன்னால் போய் நின்றார். அணிவகுப்பில் ஒருநாளும் அவருக்குச் சரியாக வராத குரலில், இங்கிலீசில், இலகுவாக நில் என்று கட்டளையிட்டார்.

இன்ஸ்பெக்டர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து கால்களை அகட்டினார். பிறகு சிரித்துவிட்டார். ஆடத் தெரியாது என்றார். யாருக்குத்தான் தெரியும் சேர் என்று சார்ஜன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இன்ஸ்பெக்டர் ஆடியது மகா மோசம். வயலின்காரர் அவருக்காகவே தாளத்தைக் குறைத்து வாசித்தார்.